கழுமரத்துக்குக் குழி தோண்டியவர்

சக சஞ்சிகை ஒன்று சென்ற இரண்டு இதழ்களிலும் ஒரே கருத்தை அழுத்திச் சொல்லியிருக்கிறது. ஈழத்துத் தமிழ் அரங்கு நடிகரின் அரங்காம். காட்சி விதானிப்பு இங்கே ஒரு கலையாக வேர்விட்டதே இல்லையாம். மேடைக்குப் பின்னால் நின்றவர்கள் தச்சரும் லைற்காரருமாம். கட்டுரையாளர் காட்டும் ஆதாரம் பழைய நாடக நோட்டீசுகள். அவற்றில் காட்சி அமைத்தவரின் பெயர் இல்லை. பெயரை அச்சிடாமல் விட்டதற்காக ஆளே இருக்கவில்லை என்று முடிவுகட்டுவதை இவ்விதழ் ஏற்கவில்லை.

தொண்டைமானாற்றிலிருந்து தொடங்கலாம். வடமராட்சியின் கோயில் வீதிகளில் காத்தவராயன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு கழுமரம் தெரியும். விடிய விடியச் சிந்து நடை, கடைசியில் கழுவேற்றம். பாயில் அரைத்தூக்கத்தில் கிடக்கும் பிள்ளைக்கும் வேலியோரம் சைக்கிளில் சாய்ந்து நிற்பவருக்கும் அந்த மரம் தெரிய வேண்டும். வேடம் கட்டியவர் அதில் ஏற வேண்டும். ஏறிய பிறகு பாடவும் வேண்டும். மணற்தரையில் குழி எத்தனை முழம், கம்பம் பச்சை மரமா காய்ந்த மரமா, படிக்கட்டைகள் எத்தனை, ஏறியவரின் முகத்தில் வெளிச்சம் விழ விளக்கை எங்கே கட்டுவது? இவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் யோசித்துத் தீர்மானித்தார். அவர் பிழைவிட்டிருந்தால் காத்தவராயன் விழுந்திருப்பான். அந்த மனிதரைக் குழி தோண்டியவர் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது எந்த விமர்சன நியாயம்?

தென்னிந்தியக் கம்பெனிகள் கடல் கடந்து வந்து ஆடிய நாட்களில் ‘சீன்’ என்ற சொல்லும் கூடவே வந்து இறங்கியது. தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன் என்று சுருள் சுருளாகத் துணி. சி. கன்னையாவின் கம்பெனிக்கு ‘தசாவதாரம்’ பெயர் வாங்கிக் கொடுத்ததில் பாட்டுக்கு எவ்வளவு பங்கோ, காட்சி ஜோடனைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) ‘மயான காண்ட’த்தில் பாடும்போது சனம் அழுதது அவருடைய குரலுக்கு. ஆனால் அந்தக் குரல் ஒரு சுடலைக்குள் நின்று ஒலித்தது. அந்தச் சுடலையை யாரோ அமைத்துக் கொடுத்தார்கள்.

சீன் தீட்டியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் கொண்டைய ராஜுவை (1898–1976) விட்டுவிட முடியாது. நாடகக் கம்பெனிக்குத் திரை தீட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். பிறகு அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் கலண்டர்களாகத் தமிழர் வீட்டுச் சுவர்களுக்குப் போனார்கள். அந்தப் படங்களில் சாமிக்குப் பின்னால் விரியும் மலையையும் குளத்தையும் மண்டபத் தூண்களையும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். அது மேடைத் திரை. கொட்டகை சரிந்த பிறகும் நாடகத்தின் சீன் சாமியறையில் தொங்கிக்கொண்டிருந்தது!

கட்டுரையாளர் வறிய அரங்கையும் சாட்சிக்கு இழுக்கிறார். அந்த அரங்கை உருவாக்கிய போலந்து நெறியாளர் குரோட்டோவ்ஸ்கியோடு வேலை செய்தவர் குராவ்ஸ்கி, ஒரு கட்டடக் கலைஞர். 1962இல் ‘கோர்டியன்’ நாடகத்துக்காக அரங்கையே மனநோய் விடுதியாக்கி, பார்வையாளரைக் கட்டில்களில் இருத்தினார்கள். திரையையும் தட்டியையும் களைந்தாலும் வெளியை யார் எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் பெயரை எடுப்பவர்கள் நேஹரையும் எடுக்க வேண்டும். பள்ளித் தோழரான அந்த ஓவியர் கீறிக் கொடுத்த படங்களைப் பார்த்துத்தான் பிரெக்ட் நடிகரை எங்கே நிறுத்துவது, எங்கே இருத்துவது என்று பல வேளைகளில் முடிவெடுத்தார்.

இங்கும் அதே கதைதான். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியதை மரபின் மீட்பு என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். வட்டக்களரியைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டு வந்ததும் நாலு பக்கமும் பார்த்து ஆடிய கால்கள் ஒரு பக்கம் பார்க்க வேண்டியதாயிற்று. உடுப்பின் மினுக்கம், விளக்கின் கோணம், அண்ணாவியார் நிற்கும் இடம் எல்லாம் மாறின. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த மாற்றம் பற்றிய சர்ச்சை பெரும்பாலும் மரபு, தூய்மை என்ற சொற்களுக்குள்ளேயே சுற்றுகிறது. வெளிச்சத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

1990இல் யாழ். குடாநாட்டில் மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆண்டுகள் அவை. அப்போதும் நாடகம் நிற்கவில்லை. மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் அளந்த காலத்தில் ஒரு மேடைக்கு எத்தனை விளக்கு, எந்தக் காட்சிக்கு எதை அணைப்பது என்று கணக்குப் பார்த்தவர் ஒளி விதானிப்பாளர் இல்லையென்றால் அந்தச் சொல் வேறு யாருக்கு?

கல்கத்தாவில் ஒளி விதானிப்பாளர் தாபஸ் சென் 1959இல் ‘அங்கார்’ நாடகத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுவதை வெளிச்சத்தாலேயே காட்டினார். ‘ரக்தகரபி’ நாடகத்துக்குக் காட்சி அமைத்த காலித் சௌத்ரிக்கு 2012இல் பத்மபூஷண் கிடைத்தது. அங்கே இது ஆயுள் முழுவதும் செய்யக்கூடிய வேலை. இங்கே ‘நாடகமும் அரங்கியலும்’ உயர்தரத்தில் ஒரு பாடம். காட்சி விதானிப்பு அதில் ஓர் அலகு. மாணவர் அதைப் படித்து எழுதிச் சித்தியடைகிறார். அடுத்த நாள் அந்த வேலைக்குக் கூலி கேட்டால், ஊர்ப் பொதுவேலைக்குக் காசு கேட்பதா என்கிறார்கள்.

கைவேலை இல்லாத ஊருமல்ல இது. தொண்டைமானாற்றுக்குப் பக்கத்து வல்வெட்டித்துறையில் இந்திரவிழாவுக்கு வீதி முழுக்க மின்விளக்கில் உருவங்கள் எழும். தைப்பொங்கலுக்கு அதே கைகள் கட்டும் பட்டங்கள் வானத்தில் கப்பலாகவும் பறவையாகவும் நிற்கும். அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. பாய் தைக்கவும் கப்பியில் கயிறு ஓட்டவும் பளு தாங்கும் முடிச்சுப் போடவும் தெரிந்த மக்கள் இவர்கள். மேற்கத்திய அரங்குகளில் திரை ஏற்றி இறக்கும் வேலையை இன்றும் ‘றிக்கிங்’ என்ற கப்பற் சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

அடுத்த இதழிலிருந்து இங்கே வெளியாகும் ஒவ்வொரு நாடக விமர்சனத்தின் தலையிலும் காட்சி, ஒளி, ஒப்பனை, உடை செய்தவர்களின் பெயர்கள் நெறியாளரின் பெயர் அளவு எழுத்திலேயே வரும். பெயர்களைத் தர மறுக்கும் தயாரிப்புகளுக்கு விமர்சனம் வராது. இன்னொரு வேண்டுகோள். எவர் வீட்டுப் பரணிலாவது பழைய சீன் துணி சுருட்டிக் கிடந்தால் வெயிலில் விரித்து, கீழ் மூலைகளைப் பாருங்கள். தீட்டியவர் சிலவேளை தன் பெயரை அங்கே எழுதியிருக்கக்கூடும்.