தேதி தெரியும்... கதை தெரியுமா?

காலையில் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு மாணவர் முன்னால் வந்து "வரலாற்றில் இன்று" வாசிப்பார். நாளிதழின் ஓரத்திலும் அதே தலைப்பில் நாலு வரி இருக்கும். செல்போனைத் திறந்தால் அங்கேயும் தினம் ஒரு கேள்வி. "இதே நாளில் நடந்தது எது?" என்று கேட்டு நாலு விடை கொடுத்திருப்பார்கள். ஒன்றைத் தொட வேண்டும். சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. அரை நிமிடத்தில் வேலை முடிந்தது!

இதில் தப்பு ஒன்றும் இல்லை. வரலாற்றுப் புத்தகம் பக்கமே போகாதவரைக்கூட ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சியைத் திரும்பிப் பார்க்க வைக்கிறதே, அதுவே பெரிய விஷயம். ஆனால் தேதியோடு நின்றுவிடுவதால் இரண்டு நஷ்டம் உண்டு. ஒன்று, கதை சுருங்கிப் போகிறது. இன்னொன்று, தேதி இல்லாத சம்பவங்கள் மறந்தே போகின்றன.

முதலில், தேதி என்பதே எவ்வளவு உறுதியானது என்று பாருங்கள். "நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் காலடி வைத்தது எப்போது?" எல்லோருக்கும் தெரிந்த விடை, 1969 ஜூலை 20. அமெரிக்கக் கடிகாரப்படி அது சரிதான். ஆனால் அந்த நேரத்தில் இந்தியாவில் ஜூலை 21 காலை மணி எட்டரை ஆகப் போகிறது. கிரீன்விச் நேரப்படியும் 21 பிறந்துவிட்டது. "ஜூலை 21" என்று தொடும் மாணவனுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தால், அவன் செய்த தப்பு என்ன?

அந்த ஜூலை 20க்கு முந்தின நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் எவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். 1969 ஜூலை 19, 14 வங்கிகள் நாட்டுடைமை, பிரதமர் இந்திரா காந்தி. முழு மதிப்பெண்!

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால்தான் பலரும் முழிக்கிறார்கள். அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர், அப்போது குடியரசுத் தலைவர் பொறுப்பில் இருந்த வி.வி.கிரி. மறுநாளே அவர் பதவி விலகி, குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஜெயித்தார். அவசரச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. ஆர்.சி.கூப்பர் என்ற பங்குதாரர் வழக்குப் போட்டார். 1970 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று சொல்லிவிட்டது! நான்கு நாள் கழித்து, அரசு நஷ்டஈட்டு விதிகளை மாற்றிப் புதிய அவசரச் சட்டம் போட்ட பிறகுதான் அந்த வங்கிகள் அரசு கையில் நிலைத்தன.

வணிகவியல் மாணவர்களுக்கு இதில் சுவையான ஒரு செய்தி இருக்கிறது. நீதிமன்றம் சொன்ன குறைகளில் ஒன்று, நஷ்டஈட்டைக் கணக்கிட்டபோது வங்கிகளின் நற்பெயரைச் சேர்க்கவில்லை என்பது. கணக்குப்பதிவியல் பாடத்தில் சூத்திரமாக மட்டும் படித்துவிட்டு மறக்கிற அதே நற்பெயர்தான்! பாடமும் வரலாறும் இப்படிக் கைகோர்க்கிற இடத்தை, "எத்தனை வங்கிகள்?" என்ற கேள்வி தொடுவதே இல்லை.

சரி, இது தேதி உள்ள நிகழ்ச்சியின் கதை. தேதியே இல்லாதவற்றின் கதி?

1943ல் வங்காளத்தில் பஞ்சம். இறந்தவர்கள் 20 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அது தொடங்கிய நாள் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. முடிந்த நாளும் இல்லை. அரிசி விலை ஏறிக்கொண்டே போனது, கிராமத்துக் கூலிக்காரரின் கூலி அதற்கு ஈடுகொடுக்கவில்லை, ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தார்கள். எந்தத் தேதிக்கு நேராக இதை எழுதுவது? அதனால்தான் "இதே நாளில்" கேள்விகளில் இது அநேகமாக வருவதில்லை.

அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ணால் பார்த்தவர் அமர்த்தியா சென். உணவுப் பற்றாக்குறையை மட்டும் காரணம் சொல்ல முடியாது, இருந்த உணவை வாங்க ஏழைகளிடம் வழியில்லாமல் போனதே முக்கியக் காரணம் என்று 1981ல் வந்த நூலில் வாதிட்டார். 1998ல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வினாடி வினாவில் எது வரும்? நோபல் பரிசு வரும்! பரிசுக்குத் தேதி இருக்கிறது. பட்டினியால் செத்தவர்களுக்கு இல்லை.

அதற்காகத் தினசரிக் கேள்வியை நிறுத்தச் சொல்ல வேண்டாம். கேள்வி தயாரிப்பவர்கள் இரண்டே காரியம் செய்தால் போதும். விடைக்குக் கீழே "ஏன் நடந்தது, பிறகு என்ன ஆனது" என்று இரண்டு வரி சேர்க்கலாம். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், தேதி இல்லாத ஒரு கேள்வியைக் கேட்கலாம். பஞ்சம், இடப்பெயர்வு, அழிந்துபோன ஒரு தொழில்... விஷயத்துக்கா பஞ்சம்?

படிப்பவர்களுக்கும் ஒரு சின்ன வேலை உண்டு. அடுத்த முறை பச்சை விளக்கு எரிந்ததும் செல்போனைக் கீழே வைத்துவிடாதீர்கள். "சரி, மறுநாள் என்ன நடந்தது?" என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். உண்மையான வினாடி வினா அங்கேதான் ஆரம்பம்!