கை பழக ஏழை வயிறா?

பித்தப்பையில் கல். டாக்டர் "ஆபரேஷன்தான்" என்கிறார். உடனே வீட்டுக்காரம்மா கேட்கிற கேள்வி: "வயித்தைக் கிழிப்பீங்களா, ஓட்டை போடுவீங்களா?" 'லேப்ராஸ்கோப்பி' திருவண்ணாமலை டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. நீளமாகக் கிழித்தால் பல வாரம் பாரம் தூக்கக் கூடாது. மூட்டை தூக்குகிறவருக்கும், களை எடுக்கிற அம்மாவுக்கும், தீபத்துக்குக் கடை போடுகிறவருக்கும் அது சோற்றுக் கணக்கு. ஓட்டை போட்டுச் செய்தால் ஓரிரு நாளில் வீடு, சீக்கிரமே வேலை. 1990-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் உட்வாடியா இப்படிப் பித்தப்பையை எடுத்து இந்தியாவில் ஆரம்பித்து வைத்தார். தெற்கே கோவை டாக்டர் பழனிவேலு போன்றவர்கள் பரப்பினார்கள்.

ஆனால் இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஓட்டை போடப் போகிற கை எங்கே பழகியது?

சாதாரண வித்தை இல்லை இது. வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பி, தொப்புள் வழியாகக் கேமரா விட்டு, டி.வி.யைப் பார்த்தபடி செய்யணும். கையை இடப்பக்கம் அசைத்தால் உள்ளே கருவி முனை வலப்பக்கம் போகும். ஆழம் சரியாகப் பிடிபடாது. பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பக்கத்திலிருக்கும் பெரிய பித்தநாளத்தை வெட்டிவிட்டால், அந்த நோயாளிக்கு வருஷக்கணக்கில் அவஸ்தை.

இந்த முறை பரவிய புதிதில் அமெரிக்காவிலேயே இந்த விபத்து அதிகரித்தது. 1992-ல் நியூயார்க் மாநில சுகாதாரத் துறை தலையிட்டு, மூத்தவர் மேற்பார்வையில் பழகிய பிறகே தனியாகச் செய்யலாம் என்று வழிமுறை வகுத்தது. 2010 முதல் அங்கே சர்ஜன் சான்றிதழுக்கு இதில் தனித் தேர்வே உண்டு. பெட்டிக்குள் கருவியை விட்டு, சின்ன வளையங்களை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றணும், துணியில் கோடு தாண்டாமல் வட்டம் வெட்டணும், முடிச்சுப் போடணும். எல்லாம் கடிகாரம் பார்த்து!

நம்ம எம்.எஸ். படிப்பு 3 வருஷம். புறநோயாளி, விபத்துக் கேஸ் என்று ஓடிவிட்டு, கேமரா பிடித்ததோடு வெளியே வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பெட்டி இல்லாமல் எங்கே பழகுவார்கள்?

பெட்டி என்ன கோடி ரூபாயா? துளை போட்ட அட்டைப் பெட்டி, செல்போன் கேமரா, கழித்துப் போட்ட கருவி இரண்டு. ஹாஸ்டலிலேயே வைக்கலாம். ராத்திரி பத்து மணிக்கும் பழகலாம்.

இன்னொன்று. உள்ளே ரத்தம் கொட்டினால் தயங்காமல் வயிற்றைத் திறக்கத் தெரியணும். ஓட்டை மட்டும் கற்ற கை அப்போது நடுங்கும். பழைய முறையையும் கற்றுத்தராமல் விடக்கூடாது.

திருவண்ணாமலைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2013-ல். செங்கம், போளூர், ஜவ்வாது மலை ஏழைகளுக்கு வேலூருக்கோ சென்னைக்கோ போய்ச் செலவழிக்க வழி ஏது? பெட்டியில் தேறாத யாரும் நோயாளி மீது கருவி வைக்கக்கூடாது என்று எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககம் உத்தரவு போடட்டும். ஒரு தாள் செலவுதான்.