அருவாமணைக்கு வளைவு எதற்கு?

சென்ற மாதம் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் வாழைக்காய் திருத்திக்கொண்டிருந்தாள். (அங்கே வைணவர் வீடுகளில் காயை 'நறுக்கு' என்று சொல்ல மாட்டார்கள், 'திருத்து' என்பார்கள்.) வாசலில் யாரோ கூப்பிட, அப்படியே எழுந்து போனாள். பத்து மாதக் குழந்தை, பளபளக்கும் அலகைப் பார்த்துத் தவழ்ந்து வந்துவிட்டது! நல்லவேளை, மாமியார் ஓடிவந்து தூக்கிக்கொண்டார்.

"ஏண்டிம்மா, எழுந்துக்கறச்சே அதைப் படுக்க வெக்கப்படாதோ?"

மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பேசாம கத்தியே வாங்கிடலாம், மாமி" என்றாள் என்னிடம்.

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அருவாமணையின் ஒவ்வொரு அங்கத்துக்கும் காரணம் உண்டு. அது தெரிந்தால், ஆபத்து எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

கத்தியில் ஒரு கை கத்திக்கு, ஒரு கை காய்க்கு. இதிலோ அலகு அசையாது; இரண்டு கையும் காய்க்குத்தான். பெரிய பூசணியைக்கூடப் பிடித்துத் தள்ளலாம். பலகையின் மேல் காலை மடித்து உட்கார்வது, நம் பாரத்தால் அது நகராமல் இருக்கத்தான்.

அலகு வளைந்திருப்பதால் காய் நேரே மோதாமல் விளிம்போடு வழுக்கிப் போகிறது. குறைந்த அழுத்தத்திலேயே அறுபடும். முனை மழுங்கினால் நாம் அமுக்குவோம். அமுக்கினால் கை வழுக்கும். ஆகவே மழுங்கின அலகுதான் விரலுக்கு எமன். சாணை பிடிப்பவர் தெருவில் வந்தால் விடாதீர்கள். நுனியில் உள்ள தேங்காய்த் துருவியின் பல் தேய்ந்தாலும் இதே கதைதான்.

வாழைக்காய், வாழைப்பூவெல்லாம் காற்றுப் பட்டாலே கறுக்கும். அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் இன்னும் கறுக்கும். நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். இரும்பு அலகை உடனே கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

கத்தி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொட்டி, தக்காளி நறுக்கும் கத்தியில் பல் இருப்பது, வழுக்குகிற மேல்தோலைக் கவ்விப் பிடிக்க. சில கத்திகளில் பக்கவாட்டில் குழி குழியாக இருப்பது, நறுக்கின வில்லை ஒட்டிக்கொள்ளாமல் விழ. இரண்டும் அழகுக்கு அல்ல.

திருச்சி பெரிய கடைவீதிப் பக்கம் மடக்கு அருவாமணை வாங்கப் போனால், மடக்கும் ஆணியை ஆட்டிப் பாருங்கள். ஆணி தளர்ந்தால் அலகு சாயும்.

வெட்டுப்பட்டால் காபிப்பொடி, சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ, ஆழமாக இருந்தாலோ டாக்டரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.

இத்தனை யோசித்துச் செய்தவர்கள் அலகுக்கு உறை மட்டும் வைக்கவில்லை. அந்த உறை நம் பழக்கம்தான். எழுந்திருக்கும் முன் மடக்குங்கள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வாசலில் கூப்பிடுகிறவர் ஒரு நிமிஷம் காத்திருக்கட்டுமே!