தரகர் கையில் தொழிலாளியின் வீடு

மில் கதவு மூடுகிறது. கல்யாணக் கடன் கழுத்தை நெரிக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு அடுப்பை அணைக்கிறது. அப்போதுதான் பாட்டாளி தன் வீட்டை விற்கத் துணிகிறான். இந்த நெருக்கடியை மோப்பம் பிடித்து முதலில் வாசலில் வந்து நிற்பவர் யார்? வீட்டுத் தரகர்!

"எங்களிடம் விடுங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். யாருக்காகப் பார்த்துக்கொள்கிறார்? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

வெயிலில் அலைந்து ஆள் கொண்டுவருகிற தரகருக்கு உழைப்புக்கேற்ற கூலி உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. கூலி என்ற பெயரில் நடக்கும் கொள்ளையைத்தான் எதிர்க்கிறோம்.

சுண்ணாம்பா, பத்திரமா?

"வெள்ளையடியுங்கள், விரிசலைப் பூசுங்கள், விலை ஏறும்" என்பது தரகரின் முதல் உபதேசம். கடன் தீர்க்க வீட்டை விற்பவனை, வீட்டை விற்கக் கடன் வாங்கச் சொல்கிறார்! ஒழுகும் ஓட்டை மாற்றுங்கள், முற்றத்தைச் சுத்தம் செய்யுங்கள், அது நியாயம். ஆனால் பூசி மறைத்த விரிசல் நாளை யார் தலையில் விடியும்? வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. தரகர் கமிஷனோடு போய்விடுவார். வழக்கு நம் வாசலுக்கு வரும். தவிர, அந்த வீட்டை வாங்க வருபவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த இன்னொரு பாட்டாளிதான். அவரை ஏமாற்ற நாம் உடந்தையாகலாமா?

சுவருக்கு முன்னால் காகிதங்களைத் தயார் செய்யுங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டுவரி ரசீது, வில்லங்கச் சான்று. தகப்பனார் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்று. இவை கையில் இல்லையென்றால், "பத்திரத்தில் கோளாறு" என்று சொல்லியே விலையை அடிப்பார்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். சர்க்கார் ஒப்படைத்த மனையானால், பட்டாவிலுள்ள நிபந்தனைகளை முதலில் படித்துப் பாருங்கள்.

இருபக்கமும் கூலி

தரகு வழக்கமாக நூற்றுக்கு இரண்டு என்கிறார்கள். 20 லட்ச ரூபாய் வீட்டுக்கு 40,000 ரூபாய். வாங்குபவரிடமும் அதே அளவு பிடுங்கினால் 80,000! இரண்டு பக்கமும் கூலி வாங்குகிறவர் யாருடைய ஆள்?

இதோடு விட்டாரா? "உங்கள் கைக்கு 20 லட்சம் வந்தால் போதுமல்லவா?" என்று தலையாட்ட வைத்துவிட்டு, அங்கே 22 லட்சத்துக்கு முடித்து, நடுவில் 2 லட்சத்தை விழுங்குகிறவர்களும் உண்டு. சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 213ஆவது பிரிவுப்படி, கேட்டபோது ஏஜண்ட் கணக்குக் காட்டவேண்டும். 216ஆவது பிரிவுப்படி, உரியவருக்குத் தெரியாமல் தன் கணக்கில் வியாபாரம் செய்து அடைந்த லாபத்தை உரியவர் கேட்டு வாங்கலாம்.

"பவர் எழுதிக் கொடுங்கள், நீங்கள் அலையவேண்டாம்" என்பது அடுத்த தூண்டில். விற்கவும் பணம் வாங்கவும் பவர் கொடுத்துவிட்டால், கையெழுத்தும் அவருடையது, பணம் போகும் வழியும் அவருடையது. "முன்பணத்தை ரொக்கமாக வாங்குங்கள்" என்பது இன்னொன்று. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமானவரிச் சட்டம் 2015 முதல் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அது விழுவது வாங்கியவர் தலையில். யோசனை சொன்ன தரகர் தலையில் அல்ல!

சட்டம் யாருக்கு?

2016இல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. ஏஜண்டுகள் பதிவு செய்யவேண்டும் என்றது. எங்கே? அந்தச் சட்டத்தில் பதிவான புதிய மனைப்பிரிவிலும் அடுக்குமாடியிலும்! மில் லைனில் உள்ள பழைய ஓட்டு வீட்டை விற்றுக்கொடுப்பவருக்கு அந்தப் பதிவுக் கட்டாயம் இல்லை. ஏழையின் வீடு சட்டத்தின் கண்ணில் படவில்லையா?

ஆகவே நாம் கோருகிறோம்: பழைய வீடுகளை விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவு செய்யவேண்டும். தரகுக்கு உச்சவரம்பு வேண்டும். தரகு எவ்வளவு, யாரிடம் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். சார்பதிவாளர் ஆபீஸ்தோறும் பத்திரத்தைப் படித்துச் சொல்ல இலவச உதவி வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை நாம் காத்திருக்கவேண்டியதில்லை. பத்திரத்தைச் சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையைக் கேட்டறியுங்கள். ஒரே தரகரிடம் சிக்காதீர்கள். படிக்காத காகிதத்தில், தனியாக, கையெழுத்துப் போடாதீர்கள்.

பண்ணையார் "போ" என்றால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு, 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் மனையைச் சொந்தமாக்கியது. பண்ணையாரிடமிருந்து மீட்ட மண்ணைத் தரகரிடம் பறிகொடுக்கலாமா? விற்கத்தான் வேண்டுமென்றால், முழு விலைக்கு, முழுக் கணக்கோடு, நம் கையெழுத்தால் விற்போம்!