ஒரே வைக்கோல் போர்... ஒருவருக்கு மட்டும் மூச்சுத்திணறல் ஏன்?

கேள்வி: ‘‘வைக்கோல் போர் பிரிக்கும் நாட்களில் மருமகளுக்கு மட்டும் இருமல், மூச்சு வாங்கல், இரவில் காய்ச்சல். கூட வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. ‘உடம்பு வணங்காமல் சாக்குச் சொல்கிறாள்’ என்கிறார்கள். இது உண்மையான நோயா?’’

- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: இதைச் சாக்கு என்று ஒதுக்கக் கூடாது. ஒரே தூசியைச் சுவாசித்தாலும் எல்லோருடைய நுரையீரலும் ஒன்றுபோல் தாங்காது. ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நெல் சுணையும் தவிட்டுத் தூசியும் எளிதில் இழுப்பைக் கிளப்பும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும், விறகு அடுப்புப் புகையிலேயே சமைக்கும் பெண்களுக்கும் மூச்சுக்குழாய் ஏற்கெனவே புண்பட்டிருக்கும்.

இவை தவிர, ‘உழவர் நுரையீரல்’ என்றொரு நோயும் உண்டு. ஈரத்தோடு போர் போட்ட வைக்கோல் உள்ளுக்குள் சூடாகும். அந்தச் சூட்டில் நுண்ணுயிர்களும் பூஞ்சணமும் பெருகும். போரைப் பிரிக்கும்போது அவற்றின் நுண்தூள் நுரையீரலின் அடிவரை போகும். பலரது உடல் அதைப் பொறுத்துக்கொள்ளும். சிலரது எதிர்ப்புச் சக்தி மட்டும் அதை எதிரியாக நினைத்துப் போராடும். பல வருடம் இதே வேலை செய்தவருக்கும் புதிதாக வரலாம். வந்துவிட்டால், அடுத்த முறை கொஞ்சம் தூசியே போதும்.

வேலை முடிந்து 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம் வருவது இதன் அடையாளம். தூசியை விட்டு விலகியிருந்தால் ஓரிரு நாளில் குறையும். அதனால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரலில் தழும்பு ஏறிவிடும். அதன்பின் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

செய்ய வேண்டியவை:

* வைக்கோலை நன்றாகக் காயவைத்துப் போர் போடுங்கள். மழையில் நனைந்ததைச் சேர்க்காதீர்கள்.

* பூஞ்சணம் பிடித்த வைக்கோலில் தண்ணீர் தெளித்துவிட்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று பிரியுங்கள்.

* துண்டு கட்டினால் நுண்தூள் நிற்காது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் அணியுங்கள்.

* ஏற்கெனவே பாதிப்பு உள்ளவருக்கு முகக்கவசம் மட்டும் போதாது. அந்த வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு, அவருக்குத் தூசி இல்லாத வேலையைக் கொடுங்கள்.

* அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டுங்கள். ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லாமல், என்ன வேலை செய்தார், எத்தனை மணி நேரம் கழித்துத் தொந்தரவு வந்தது என்பதையும் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அதுதான் முக்கியமான துப்பு.