வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை மட்டும் போதாது

வெள்ளைப்படுதல் என்றால் ‘உடம்புச் சூடு’ என்று மோரும் வெந்தயமும் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். கூச்சத்தை விட்டு மருத்துவமனைக்குப் போனாலும், பலருக்கு மாத்திரைச் சீட்டோடு காரியம் முடிந்துவிடுகிறது. கருப்பை வாயைப் பரிசோதிக்கக் கிடைத்த வாய்ப்பு அங்கேயே நழுவுகிறது.

யோனியில் வாழும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாக்களை 1892-இல் விவரித்தவர் ஜெர்மனி மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன். இவை சுரக்கும் லாக்டிக் அமிலம் பல கிருமிகளை அண்டவிடாது. இவை குறைந்து கார்ட்னெரெல்லா போன்றவை பெருகி, வெள்ளைப்படுதலை உண்டாக்கக்கூடிய நிலைக்கு ‘பாக்டீரியல் வஜைனோசிஸ்’ என்று பெயர். அந்நிலையில் உள்ள பெண்களிடம் ஹெச்பிவி வைரஸ் தொற்று அதிகம் காணப்படுவதாகவும், எளிதில் நீங்காமல் தங்கிவிடுவதாகவும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலான ஹெச்பிவி தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். நீங்காமல் தங்குபவைதாம் பின்னாளில் கருப்பை வாய்ப் புற்றுநோயாக மாறக்கூடியவை.

பாக்டீரியாக்களின் மாற்றம் வைரஸுக்கு வழிவிடுகிறதா, வைரஸே அந்த மாற்றத்தை உண்டாக்குகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. சந்தையோ முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. ‘அந்தரங்கச் சுகாதாரம்’ என்ற பெயரில் திரவங்களும் புரோபயாடிக் மாத்திரைகளும் விற்பனையாகின்றன. உட்புறத்தைக் கழுவுவது நல்ல பாக்டீரியாக்களையே குலைக்கக்கூடும். அமெரிக்காவில் 228 பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், லாக்டோபேசிலஸ் மருந்து வஜைனோசிஸ் திரும்ப வருவதைக் குறைத்தது. ஹெச்பிவியை அது விரட்டும் என்பதற்கு அந்த ஆய்வு சான்றல்ல.

இந்தப் புற்றுநோயைத் தடுக்கச் சான்று உள்ள வழி நம் மண்ணிலேயே சோதிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைப் பெண்களுக்கு அளித்தபோது, கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது. ‘லான்செட்’ இதழில் 2007-இல் வெளியான முடிவு இது. ஆனால், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள தமிழகப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதமே. தேசிய அளவு இரண்டு சதவீதத்தைக்கூட எட்டாததால், இதுவே பெருமையாகத் தெரிகிறது!

வெள்ளைப்படுதல் எல்லாமே நோயல்ல. வஜைனோசிஸ் உள்ள பலருக்கு அறிகுறியே இருக்காது. ஆகவே, அறிகுறியை மட்டும் நம்பிப் பரிசோதனை நடத்த முடியாது. ஆனால், வெள்ளைப்படுதல் தொந்தரவோடு 30 வயது கடந்த ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், அதற்குச் சிகிச்சை தருவதோடு கருப்பை வாய்ப் பரிசோதனைக்கும் அங்கேயே ஏற்பாடு செய்ய வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் ஹெச்பிவி டிஎன்ஏ சோதனையையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. இதற்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். கூச்சம் தடையாக இருக்கும் ஊர்களுக்கு இது பெரும் வசதி. இச்சோதனையை அரசு இலவசமாக்க வேண்டும். தொற்று உறுதியானவர் மேல்சிகிச்சைக்கு அலையாதபடி மாவட்ட மருத்துவமனையோடு இணைப்பதும், சிறுமியருக்கு ஹெச்பிவி தடுப்பூசி விடுபடாமல் பார்ப்பதும் அரசின் பொறுப்பே.