சாவித் துவாரத்தில் ரோஷமா?

மனைவியை ஐயுற்று வேவு பார்ப்பவனை ‘ரோஷமுள்ள ஆண்மகன்’ என்று பாராட்டுவோர் நம்மிடையே உளர். மார்க்கத்தின் பெயராலேயே அதனை நியாயப்படுத்தவும் துணிகின்றனர். இக்கூற்றை நாம் மறுக்கின்றோம்.

1912ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டில் ஸ்டாரெவிச் என்பார் ‘ஒளிப்பதிவாளனின் பழி’ எனப் பொருள்படும் ஊமைப் படம் ஒன்றை எடுத்தார். ஏறத்தாழ 12 நிமிட வேடிக்கை. நடிப்பவை யாவும் இறந்த பூச்சிகள். கால்களை இம்மியிம்மியாக அசைத்துப் படமாக்கினார். கணவனாகிய வண்டு, ஆடலரங்கின் தும்பியை நாடிச் செல்கிறான். அவளை விரும்பித் தோற்ற வெட்டுக்கிளி, விடுதியின் சாவித் துவாரத்தில் கருவியை வைத்து இருவரையும் படம்பிடிக்கிறான். வீடு திரும்பிய வண்டோ, மனைவியுடன் ஓர் ஓவியனைக் கண்டு கொதித்தெழுந்து அவனைப் புடைக்கிறான். பின்னர் பெருந்தன்மையோடு மனைவியை ‘மன்னித்து’ப் படம் பார்க்க அழைத்துச் செல்கிறான். திரையில் ஓடுவதோ அவனுடைய லீலையே! கைகலப்பு மூள்கிறது, தீப்பற்றுகிறது, இருவரும் சிறையில் அமர்கின்றனர்.

சிரித்துவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் அந்த வண்டு நமக்கு அந்நியன்தானா? தன் பார்வையை அடக்காதவன் மனைவியின் பார்வைக்குக் காவல் நிற்கின்றான். திருமறையின் அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை 30ஆம் வசனத்தில் ஆண்களுக்கும், அதன் பின்னரே 31ஆம் வசனத்தில் பெண்களுக்கும் வருகின்றது. பின்னதை மட்டும் ஓதிக் காட்டுவது எவ்வகை நீதி?

“வெட்டுக்கிளி உண்மையைத்தானே வெளிப்படுத்தினான்?” என்பர். அவனை இயக்கியது உண்மையன்று, பழி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தினுள் துவாரம் வழியே எட்டிப் பார்த்த ஒருவரை அவர்கள் எத்துணைக் கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதைப் புகாரியில் காண்க. அனுமதி கோரும் விதியே பார்வையின் பொருட்டு ஏற்பட்டது என்றன்றோ அங்கு விளக்கினார்கள்! வீண் சந்தேகம், துருவி ஆராய்தல், புறம் பேசல் மூன்றையும் அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் ஒருங்கே தடுக்கின்றது. ஒன்று மற்றொன்றை ஈன்றெடுக்கும். இன்று வெட்டுக்கிளியின் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கின்றது. பிறர் வீட்டு மானம் கைப்பேசியில் வந்ததும், அடுத்தவருக்கு அனுப்பும் விரலும் அக்குற்றத்தில் பங்காளியே.

ரோஷம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தக்க காரணமுள்ள ரோஷத்தை அல்லாஹ் விரும்புகின்றான், காரணமற்றதை வெறுக்கின்றான் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதில் உள்ளது. முன்னது இல்லத்தைக் காக்கும்; பின்னது அதற்குத் தீ வைக்கும்.

ஆகவே, ரோஷம் பேசும் சகோதரர்களே! சாவித் துவாரத்தை விட்டு எழுந்து, முதலில் கண்ணாடியின் முன் நில்லுங்கள்.